பதிலுக்கு நிற்பவர்

விளையாட்டைக் காணச் செல்பவன் எதனைக் காண்கிறான்? பந்தைக் காண்கிறான். பந்து எவர் கையில் இருக்கிறதோ அவரைக் காண்கிறான். பந்து சென்ற வழியே அவன் கண்ணும் செல்கிறது. இது மனித இயல்பு. இதிற் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும், பிறர் பந்தை எடுத்துச் செல்வதற்கு வழியமைத்துக் கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டு, பந்தைக் கையிலேந்தி ஓடாமலே ஆடி ஓய்ந்துபோகும் ஆட்டக்காரர் சிலர் உளர். அவர்களுள்ளும், தமக்கென்று ஓரிடம் நிலையாக இல்லாமல், மற்றொருவர் காயமுற்று வீழும்போது அவருடைய இடத்தை நிரப்பிவிட்டு, அவர் குணமடைந்து வந்ததும் விலகி நிற்பவர் சிலர் உளர். அமெரிக்க நாட்டின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் இத்தகைய பதில் ஆட்டக்காரர் நடத்தும் வாழ்வைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் ஆட்டம் நம் கல்லூரி மைதானங்களில் நாம் பழகிய உதைபந்தாட்டம் அன்று. அது றக்பியின் வழியில் வந்தது. றக்பியை அறிந்த நேயர்கள், இரு பக்கத்தாரும் தோளோடு தோள் பொருத்திப் பந்துக்காகத் தள்ளுகின்ற காட்சியை நினைவுகூரலாம். யேல் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரராயிருந்த வால்டர் காம்ப் என்பவரின் முயற்சியால், 1880ஆம் ஆண்டில் அந்தத் தள்ளுமுள்ளுக்கு ஓர் ஒழுங்கு உண்டாயிற்று. பந்து ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தாருக்கே உரியது என்றும், அவர்களுள் நடுவில் நிற்பவர் அதனைத் தமக்குப் பின்னால் நிற்பவருக்குக் கொடுத்தவுடனேயே ஆட்டம் தொடங்கும் என்றும் விதி வகுக்கப்பட்டது. இரு படைகள் எதிரெதிரே அணிவகுத்து நிற்பது போன்ற வரிசை அவ்விதமே பிறந்தது.

பந்தை உடைய பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் 30 அடியாவது முன்னேறுதல் வேண்டும். இயலாவிடின் பந்து மறுபக்கத்தாருக்குப் போய்விடும். இதற்குத் தலைமை தாங்குபவர் குவாட்டர்பாக் எனப்படும் பந்தெறிபவர். அவருக்கு முன்னே மதிலைப்போல ஐவர் நிற்பர். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் நிற்பவர் கார்ட். இரு கோடிகளிலும் நிற்பவர் டக்கிள். இவர்கள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 300 இறாத்தல் நிறை உடையவர்கள். பாய்ந்து வருகின்ற எதிரிகளைப் பந்தெறிபவரை அணுகவிடாது தடுப்பதும், பந்தேந்தி ஓடுபவருக்கு நெரிசலினூடே ஒரு வாயிலைத் திறந்துகொடுப்பதுமே இவர்கள் தொழில். பந்தெறிபவர் எதிரே தூரத்தில் ஓடுகின்ற தம் தோழரை நோக்கி நிற்கிறார். வலக்கையால் எறிபவராயின் அவருடைய முதுகுப்புறம் இடது கோடியில் நிற்கும் டக்கிளின் பொறுப்பில் இருக்கிறது. தாம் காணாத திசையைத் தமக்காக ஒருவன் காண்கிறான் என்ற நம்பிக்கையிலேயே அவர் கையை ஓங்குகிறார்.

இந்த ஐவரின் திறமையை அளந்து காட்டப் பொதுமக்கள் அறிந்த கணக்கு ஒன்றுமில்லை. பந்தெறிபவர் எத்தனை அடி எறிந்தார், ஓடுபவர் எத்தனை அடி ஓடினார் என்பன மறுநாள் பத்திரிகையில் நிரல்நிரலாக வெளிவரும். தடுத்தவர் எத்தனை முறை தடுத்தார் என்பதை எவர் எண்ணுகிறார்? அவர் எதிரியைச் சட்டவிரோதமாகப் பற்றிக்கொண்டால் மாத்திரம் நடுவர் மஞ்சள் துணியை எறிந்து, அவருடைய இலக்கத்தை ஒலிபெருக்கியில் அறிவித்து, அவர் பக்கத்தாரை 30 அடி பின்னே நகர்த்துவார். அறுபது தடவை கடமையைச் செவ்வனே செய்தவருடைய இலக்கம் அறுபத்தோராவது தடவை தவறும்போதே மக்கள் செவிக்கு எட்டுகிறது. குற்றத்தின் வழியாக மட்டும் அறிமுகமாவது என்பது இத்தொழிலோடு கூடப்பிறந்த விதியாகும்.

நிலையான இடமுள்ள வரிசைக்காரருக்கே இதுதான் நிலை என்றால், பதிலுக்கு நிற்பவருடைய நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பதில் ஆட்டக்காரர் என்று ஒரு தொழிற்பிரிவு இந்த ஆட்டத்தில் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. தேசிய உதைபந்தாட்ட லீக் 1920ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் தோன்றியது. 1925ஆம் ஆண்டில் ஒரு கழகம் வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்டக்காரர் 16 பேர் மாத்திரமே. களத்தில் இறங்கிய பதினொருவரே தாக்கியும் ஆடினர்; தடுத்தும் ஆடினர். ஆட்டத்தின் நடுவே எத்தனை முறையும் ஆளை மாற்றலாம் என்ற விதி 1950ஆம் ஆண்டில் நிலைபெற்றது. அதன்பின் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தேர்ச்சி பெற்றவரும், அவருக்குப் பின்னால் அதே இடத்துக்கு ஆயத்தமாக நிற்பவரும் தேவைப்பட்டனர். இக்காலத்தில் ஒரு கழகத்தின் பெயர்ப்பட்டியலில் 53 பேர் இடம்பெறுவர். கழகங்களின் தொகை 32.

இந்த 53 பேருள் ஒருவராவது எளிதன்று. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் பல்கலைக்கழக ஆட்டக்காரருள் ஏறக்குறைய 250 பேரைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. தெரிவு செய்யப்படாதவருட் சிலர் சிறுதொகை பெற்றுப் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவர். 2023ஆம் ஆண்டுப் பருவத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முகாமிலும் 90 பேர் வரை பயின்றனர். ஓகஸ்ட் மாத இறுதியில் ஒரே நாளில் அந்தத் தொண்ணூறு ஐம்பத்துமூன்றாகக் குறைக்கப்பட்டது. 32 கழகங்களையும் கூட்டிப் பார்த்தால் அந்நாளில் வேலையிழப்பவர் தொகை ஆயிரத்தைத் தாண்டும். அவர்களுட் சிலரைக் கழகம் ஒன்றுக்குப் பதினாறு பேர் வீதம் பயிற்சிக் குழுவிற் சேர்த்துக்கொள்வர். அக்குழுவினர் வாரம் முழுவதும் பயிற்சியில் முட்டி மோதுவர். மேலே அழைக்கப்பட்டாலன்றி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வெளியே நின்று பார்ப்பர். வேறொரு கழகம் அழைத்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றே புறப்பட்டுவிடுவர்.

இவ்வாறு கழகம் கழகமாகச் செல்பவரை ஆங்கிலத்தில் ஜேர்னிமன் என்பர். ஊர் ஊராகப் பயணஞ் செய்வதனால் வந்த பெயர் என்றே பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. அச்சொல்லின் வேர் பகற்பொழுதையும் ஒரு நாள் வேலையையும் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லாகும். தொழிலைக் கற்றுத் தேர்ந்தும், தமக்கென ஒரு பட்டறை இல்லாமையால் பிறர் பட்டறையில் நாட்கூலிக்கு உழைத்த கைவினைஞனையே அது முதலிற் குறித்தது. இந்த ஆட்டக்காரருக்கும் அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை நேயர்கள் சிந்திக்கலாம். தொழில் தெரியாதவர் அல்லர் அவர். இடம் இல்லாதவர், அவ்வளவே.

ஒவ்வொரு கழகத்துக்கும் ஆட்டத் திட்டங்களடங்கிய தனி ஏடு ஒன்று உண்டு. ஒரே செயலுக்கு ஒரு கழகம் ஒரு சொல்லைச் சொல்லும். மற்றொரு கழகம் வேறொரு சொல்லைச் சொல்லும். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் புதிய மொழியைக் கற்றுத் தீரவேண்டும். அதுவும் ஓரிடத்துக்குரிய பாடத்தை மாத்திரம் கற்றால் போதாது. ஆட்ட நாளில் உடையணிந்து நிற்கும் வரிசைக்காரர் வழக்கமாக ஏழு அல்லது எட்டுப் பேரே. ஐவர் களத்தில் நிற்க, மிஞ்சிய இருவரோ மூவரோ ஐந்து இடங்களுக்கும் ஈடு கொடுத்தல் வேண்டும். வலப்புறம் நின்று பழகியவர் இடப்புறம் செல்வாராயின், கால் வைப்பும் கை நீட்டலும் தலைகீழாக மாறிவிடுகின்றன. வலக்கையால் எழுதுபவனை, நொடிப்பொழுதில் இடக்கையால் எழுது, எழுத்தும் அழகாயிருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது போன்றது அது.

இனி ஒருவருடைய வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மைக் ரெம்மர்ஸ் என்பவர் 2012ஆம் ஆண்டில் பல்கலைக்கழக ஆட்டத்தை முடித்து வெளிவந்தார். அவ்வாண்டு தெரிவு செய்யப்பட்ட 253 பேருள் அவர் பெயர் இல்லை. டென்வர் நகரக் கழகம் அவரை முகாமுக்கு அழைத்தது, பின்னர் விலக்கியது. அடுத்த ஈராண்டுகளுக்குள் டாம்பா பே, சான் டியேகோ, மினசோட்டா, சென் லூயிஸ் ஆகிய கழகங்களின் வாயில்களை அவர் மிதித்தார். எங்கும் நிலைக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கரோலைனாக் கழகம், சென் லூயிஸின் பயிற்சிக் குழுவிலிருந்த அவரை அழைத்துக்கொண்டது. அங்கே வலது கோடியில் டக்கிளின் இடம் வெறுமையாயிற்று. பதிலுக்கு நின்றவர் அதனை நிரப்பினார், நிரப்பியவர் நிலைத்தார். 2015ஆம் ஆண்டுப் பருவத்தின் 16 ஆட்டங்களிலும் அவரே அவ்விடத்தில் தொடங்கினார். கரோலைனா அவற்றுள் 15 ஆட்டங்களை வென்றது.

அந்தப் பருவத்தின் முடிவாக, 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, கலிபோர்னியாவின் சான்டா கிளாரா நகரில், சூப்பர் போல் எனப்படும் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரே நின்றது டென்வர். முதன்முதலில் ரெம்மர்ஸை அழைத்து விலக்கிய அதே கழகம். அவர் காத்த கோடிக்கு நேரே வந்து நின்றவர் வொன் மில்லர். அக்காலத்தில் பந்தெறிபவரைப் பாய்ந்து வீழ்த்துவதில் நிகரற்றவர் என்று புகழப்பட்டவர். முதற் காற்பகுதியிலேயே மில்லர் அவரைச் சுற்றிக் கடந்து, பந்தெறிபவரான காம் நியூட்டனின் கையிலிருந்து பந்தைப் பறித்தார். பந்து உருண்டு கரோலைனாவின் எல்லைக்குள்ளேயே சென்றது. டென்வர் வீரர் ஒருவர் அதன்மேல் வீழ்ந்து புள்ளிகளைப் பெற்றார். இறுதிக் காற்பகுதியில் அக்காட்சி மறுபடியும் நிகழ்ந்தது. டென்வர் 24க்கு 10 என்ற கணக்கில் வென்றது. மில்லர் அன்றைய சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். பதினாறு ஆட்டங்களில் நின்ற ரெம்மர்ஸை உலகம் அறியவில்லை. பதினாறில் நின்றவர் பதினேழு, பதினெட்டைக் கடந்து பத்தொன்பதாம் ஆட்டத்தில் இரு முறை கடக்கப்பட்டதும் உலகமெங்கும் அவர் பெயர் பரவிற்று.

கதை அத்தோடு முடியவில்லை. 2017ஆம் ஆண்டில், முன்னர் அவரை விலக்கிய மினசோட்டாவே பெரிய ஒப்பந்தத்தோடு அவரை அழைத்தது. ஈராண்டின் பின் மறுபடியும் விலக்கியது. 2019இல் நியூயோர்க் நகருக்குச் சென்றார். 2020இல் கான்சாஸ் நகரக் கழகத்தில் ஓராண்டு ஒப்பந்தத்துடன் பதில் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். அக்கழகம் அவ்வாண்டுத் தொடக்கத்திலேதான் சூப்பர் போலை வென்றிருந்தது. அதன் பந்தெறிபவரான பற்றிக் மஹோம்ஸின் புகழ் நாடெங்கும் பரவியிருந்தது.

ஆனால் அந்த வெற்றிக்கு மதிலாக நின்ற ஐவருள் மூவர் அடுத்த இறுதியாட்டத்துக்கு வந்து சேரவில்லை. கார்டாக ஆடிய லோரன் டுவெர்னே டார்டிப் கனடாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். கொள்ளை நோய் பரவிய அவ்வாண்டில் ஆட்டத்தை விட்டு, கியூபெக் மாகாணத்தில் நெடுங்காலப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் பணிபுரியச் சென்றார். வலது டக்கிளான மிச்சல் ஷ்வார்ட்ஸ் முதுகு நோவினால் பருவத்தின் நடுவே விலகினார். அவர் இடத்துக்கு ரெம்மர்ஸ் சென்றார். இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் இடது டக்கிளான எரிக் பிஷருடைய குதிகால் நரம்பு அறுந்தது. வலப்புறத்திலிருந்த ரெம்மர்ஸ் இரு வாரங்களுக்குள் இடப்புறத்துக்கு மாற்றப்பட்டார். மஹோம்ஸின் முதுகைக் காக்கும் பொறுப்பு இவ்விதம் அவர் தோளில் வந்து வீழ்ந்தது.

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி. முதலாவது தோல்வி நேர்ந்து ஐந்தாண்டுகள் நிறைந்த அதே நாள். எதிரே நின்ற கழகம் டாம்பா பே. ஒருகாலத்தில் ரெம்மர்ஸை வைத்திருந்து விலக்கிய மற்றொரு கழகம். ஆட்டமும் அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே நடந்தது. கான்சாஸின் மதில் அன்று சரிந்தது. மஹோம்ஸ் 29 தடவை எதிரிகளால் நெருக்கப்பட்டார். அத்தனை நெருக்கடி அதற்கு முன் எந்தச் சூப்பர் போலிலும் எவருக்கும் நேர்ந்ததில்லை. பந்தை எறிய ஓர் இடம் தேடி அவர் பின்னும் பக்கமுமாக ஓடிய தூரம் ஏறக்குறைய 1,500 அடி என்று அளந்து கூறினார்கள். 31க்கு 9 என்ற கணக்கில் டாம்பா பே வென்றது.

ஒரு மனிதனுடைய தொழில் வாழ்வை இவ்விரு மாலைகளைக் கொண்டு அளப்பது நியாயமாகுமா? அன்று அந்த இடத்தில் அவர் நின்றது எதனால்? அதற்குரியவர் நிற்க இயலாமையினால். அவர் நின்றிராவிடின் அங்கே நிற்பதற்கு அவரிலும் குறைந்த பயிற்சியுடைய ஒருவரே எஞ்சியிருந்திருப்பார். வெள்ளம் வரும்போது அணையின் உடைப்பிலே மணல் மூட்டையை அடுக்குகிறோம். மூட்டை அணையாகவில்லையே என்று அதனைக் குறைகூறுவது தகுமா? நல்ல அணையைக் கட்டிவைக்க வேண்டியவர் யார் என்பதன்றோ கேள்வி?

கான்சாஸ் கழகத்தார் அக்கேள்விக்குத் தாங்களே விடை கூறினர். அந்தத் தோல்வியின் பின் அவர்கள் புதிய பந்தெறிபவரைத் தேடவில்லை. புதிய வரிசையைத் தேடினர். 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, அரிசோனா மாநிலத்தில், பிலடெல்பியாவை எதிர்த்து மீண்டும் இறுதியாட்டத்தில் இறங்கினர். வரிசையின் ஐந்து இடங்களுள் நான்கில் புதியவர் நின்றனர். அந்தப் பருவத்தில் எதிர்ப்பக்கத்துப் பந்தெறிபவர்களை 70 தடவை வீழ்த்திய பிலடெல்பியா, அன்று மஹோம்ஸை ஒரு தடவையேனும் வீழ்த்தவில்லை. கான்சாஸ் 38க்கு 35 என்ற கணக்கில் வென்றது. அந்த ஐவருள் பழையவராக எஞ்சி நின்றவர் ஆன்ட்ரூ வைலி. இவரும் 2017ஆம் ஆண்டில் தெரிவு செய்யப்படாதவர். வேறு கழகங்களைச் சுற்றிவிட்டுப் பயிற்சிக் குழுவின் வழியாக வந்தவர். ஈராண்டுக்கு முன் மதில் சரிந்த அந்த மாலையில் ரெம்மர்ஸுடன் அதே வரிசையில் நின்றவர். தோற்றுப்போன வரிசையிலும் வெற்றிக்குரிய ஒருவர் இருந்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பதில் வரிசைக்காரருடைய வாழ்வில் நகைப்புக்கும் நெகிழ்ச்சிக்கும் இடமுண்டு. டான் ஸ்கிப்பர் என்பவர் ஆறே முக்கால் அடி உயரமுடையவர். 2017ஆம் ஆண்டில் இவரையும் எவரும் தெரிவு செய்யவில்லை. டல்லாஸ், டென்வர், நியூ இங்கிலாந்து, ஹியூஸ்டன் என்று அலைந்து, இடையிடையே டெட்ரோயிட் கழகத்துக்கு வந்தும் போயும் இருந்தார். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி, வரிசைக்காரர் சிலர் காயமுற்றிருந்தமையால், தமக்குப் பழக்கமில்லாத இடது கார்டின் இடத்தில் அவர் ஆட்டத்தைத் தொடங்கினார். டெட்ரோயிட் வோஷிங்டனை 36க்கு 27 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர் முன் நின்ற அந்த நெடிய மனிதர் கண்கலங்கினார்.

இவ்வாட்டத்தில் 50 முதல் 79 வரையுள்ள இலக்கங்களை அணிந்தவர் எறியப்படும் பந்தைப் பிடித்தல் கூடாது. பிடிக்க விரும்பினால் அந்த முயற்சிக்கு முன்னரே நடுவரிடம் சென்று அறிவித்தல் வேண்டும். நடுவர் அதனை எதிர்ப்பக்கத்தாருக்கு அறிவிப்பார். 2023ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் திகதி டெட்ரோயிட் டல்லாஸை எதிர்த்தது. ஆட்டம் முடிய 23 வினாடிகள் இருக்க, வெற்றியைத் தீர்மானிக்கும் பந்தை 68ஆம் இலக்கத்தவரான டெய்லர் டெக்கர் பிடித்தார். அறிவித்தவர் டெக்கரே என்றனர் டெட்ரோயிட் பக்கத்தார். நடுவரோ, அதே நேரத்தில் களத்துக்குள் ஓடிவந்த 70ஆம் இலக்கத்தவரான ஸ்கிப்பரே அறிவித்தவர் எனக் கொண்டிருந்தார். பிடித்த பந்து செல்லாதாயிற்று. டெட்ரோயிட் 19க்கு 20 என்ற கணக்கில் தோற்றது. பந்தைத் தொடாமலே, வாய் திறவாமலே, ஓர் ஆட்டத்தின் முடிவில் தம் இலக்கத்தைப் பதித்துவிட்டார் பதில் ஆட்டக்காரர். அடுத்த ஆண்டு டிசெம்பர் 15ஆம் திகதி, பபலோக் கழகத்தை எதிர்த்த ஆட்டத்தில், அதே ஸ்கிப்பர் முறைப்படி அறிவித்துவிட்டு, 27 அடி தூரத்துப் பந்தைப் பிடித்துப் புள்ளிகளைப் பெற்றார். அந்த ஆட்டத்திலும் டெட்ரோயிட் தோற்றது என்பது வேறு கதை.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டில் முதலாண்டு ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7,50,000 டொலர். பயிற்சிக் குழுவிற் புதியவருக்கு வாரத்துக்கு 12,000 டொலர். தொகை பெரிதுதான், உழைத்துண்ணும் எவரும் இதைக் கேட்டு இரங்கமாட்டார். ஆயின், அந்த ஆண்டுச் சம்பளம் பட்டியலில் இருக்கும் வாரங்களுக்கே உரியது. இத்தகையோருடைய ஒப்பந்தங்களிற் பெரும்பாலானவை உத்தரவாதமற்றவை. திங்கட்கிழமை விலக்கப்பட்டவருக்கு அடுத்த வாரச் சம்பளம் உண்டென்ற நிச்சயம் இல்லை. மூன்று பருவங்களையாவது கணக்கிற் சேர்த்துக்கொண்டவருக்கே பிற்காலத்தில் ஓய்வூதியம் உண்டு. இரண்டு பருவங்களோடு உடல் ஒத்துழைக்க மறுத்துவிட்டால், இரண்டும் வீணே.

அவ்வுடல் செலுத்துகின்ற விலை இவை எல்லாவற்றிலும் பெரிது. வரிசைக்காரர் ஒவ்வொரு முயற்சியிலும் எதிரே நிற்பவருடன் தலையும் தோளும் மோதுகின்றனர். மயங்கி விழச்செய்யும் பேரிடி அன்று. மயக்கம் தராத சிற்றிடிகள். அவை பயிற்சியிலும் ஆட்டத்திலுமாக ஆயிரக்கணக்கிற் சேர்கின்றன. 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பொஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மக்கீ என்னும் அம்மையாரின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இறந்துபோன தொழில்முறை ஆட்டக்காரர் 111 பேருடைய மூளைகளைச் சோதித்ததில், 110 மூளைகளில் தொடர்ந்த மோதல்களால் உண்டாகும் சிதைவு நோய் காணப்பட்டது. அம்மூளைகள் பெரும்பாலும் நோய்க்குறி கண்ட குடும்பத்தார் மனமுவந்து அளித்தவை. ஆதலின் எல்லா ஆட்டக்காரருக்கும் இதே விகிதம் என்று கொள்ளல் கூடாது. எனினும், அலட்சியம் செய்யத்தக்க செய்தியும் அன்று.

அந்த ஆய்வு வெளியாகி இரண்டு நாளில், போல்ற்றிமோர்க் கழகத்தின் வரிசைக்காரரான ஜோன் உர்ஷல் தம் 26ஆம் வயதில் ஆட்டத்தை விட்டு விலகினார். அவர் ஆடிய ஆட்டங்கள் 40. அவற்றுள் தொடக்கத்திலிருந்தே களமிறங்கியவை 13 மாத்திரம். மற்றவற்றிற் பதிலுக்கு நின்றவரே. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதத்துறை ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்த அவர், 2021இல் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே ஆசிரியருமானார். அவருக்குச் செல்ல வேறொரு வாயில் இருந்தது. வேறு வாயில் இல்லாதவர் பலர், அடுத்த கழகத்தின் அழைப்பை எதிர்பார்த்துத் தொலைபேசியின் அருகே காத்திருக்கின்றனர்.

நேயர்களே, இத்தகைய வாழ்வை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? வீரம் என்று கூறிப் புகழ்ந்துவிட்டுப் போதல் எளிது. தோற்றவர் என்று கூறி ஒதுக்கிவிடுதல் அதனினும் எளிது. இரண்டும் உண்மையாகா என்பதே என் கருத்து. பதிலுக்கு நிற்பவர் விற்பது தம் வெற்றிகளை அல்ல, தம் ஆயத்தத்தை. அழைக்கப்படாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் ஆடுபவரைப்போலவே பாடத்தைப் படித்து, உடலைப் பழக்கி, உடையணிந்து நிற்கிறார். அந்த ஆயத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அதன்மேலேதான் மற்றவர் புகழ் கட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆயத்தத்தைக் கூலிக்கு வாங்குபவர், அதனால் தேய்ந்துபோன உடலுக்கும் கடன்பட்டவரே ஆவர். முன்னாள் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், மூளை நோயுற்றவர்களுக்கு நட்டஈடு வழங்கும் உடன்படிக்கையை 2015ஆம் ஆண்டில் நீதிமன்றம் அங்கீகரித்தது. கடன் உண்டு என்பதற்கு அதுவே அத்தாட்சி. அது முற்றாகத் தீர்ந்தது என்று எவரும் சொல்வதற்கில்லை.

இனி எப்போதாவது இந்த ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், ஒரு முயற்சிக்கு மட்டும் பந்தை மறந்துவிடுங்கள். நடுவிலே குனிந்து நிற்கும் ஐவரைப் பாருங்கள். பிறகு கோட்டுக்கு வெளியே, தலைக்கவசத்தைக் கையிற் பிடித்தபடி நிற்கும் ஆறாமவரையும் பாருங்கள். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். ஐவருள் எவர் எழுந்திருக்கத் தாமதிக்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்.